சுற்றுமுறை வியூக விளையாட்டில் பதுங்குகுழியும் கோட்டையும்: புதுச்சேரி 1748ஐ முன்வைத்து ஒரு செய்முறை

சுற்றுமுறை வியூக விளையாட்டுகள் பலவற்றில், ஒரு படைப்பிரிவு நகராமல் ஒரு சுற்று நின்றால் அதன் தற்காப்பு எண் சற்று உயரும். பதுங்குகுழி என்ற பெயரில் அங்கே இருப்பது அந்த எண் மட்டுமே. முற்றுகைப் போரின் இயல்பு இதில் காணாமற்போகிறது. குழி வெட்டுவோர் தம் நாள்களைச் செலவிட்டு அவற்றுக்கு ஈடாகத் தூரத்தைப் பெறுகிறார்கள். கோட்டைக்குள் இருப்போர் அதே நாள்களை உணவாலும் மழையாலும் எண்ணுகிறார்கள். விளையாட்டின் அடிப்படை அலகே சுற்று, அதாவது காலம், என்பதால் இந்தப் பேரத்தை முழுமையாகக் காட்டுவதற்குச் சுற்றுமுறையைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. 1748இல் பிரெஞ்சுக்காரர் காத்த புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டுக் கைவிட்டனர். அந்த முற்றுகையை உரைகல்லாக வைத்து, புதுச்சேரி, கடலூர் வரைபடத்தில் நான் அமைத்த முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் அளவுகோலை முடிவு செய்யுங்கள். ஓர் அறுகோணக் கட்டம் 200 மீட்டர், ஒரு சுற்று ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால், வரலாற்று நூல்களில் உள்ள தூரங்களை அப்படியே கட்டங்களாக மாற்றிவிடலாம். புதுச்சேரியின் பழைய மதில் இன்று இல்லை. ஆனால் அது நின்ற வழியைத்தான் நகரைச் சுற்றும் புல்வார் சாலைகள் ஏறக்குறைய பின்பற்றுகின்றன. பட்டேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை ஆகியவற்றை வரைபடத்தில் இணைத்துக் கிழக்கே கடலை வைத்தால், முட்டை வடிவ நகரின் மதில்கோடு கிடைத்துவிடும்.

அடுத்த முடிவு மிக முக்கியமானது: அரண்களைக் கட்டத்தில் அல்லாமல் கட்டத்தின் விளிம்பில் சேமியுங்கள். பதுங்குகுழியின் மண்மேடு ஒரு பக்கத்தைத்தான் காக்கும். கட்டம் முழுவதற்கும் ஒரே தற்காப்பைக் கொடுத்தால், பின்னாலிருந்து வரும் தாக்குதலும் தடுக்கப்பட்டுவிடும். ஒரு விளிம்பை இரண்டு கட்டங்கள் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு கட்டமும் தன் ஆறு விளிம்புகளில் மூன்றை மட்டும் உடைமையாக வைத்திருக்கட்டும்; இல்லையெனில் ஒரே குழி இரண்டு இடங்களில் பதிவாகி, ஒன்று அழிந்த பின்பும் மற்றொன்று எஞ்சி நிற்கும். என் முதல் வடிவத்தில் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. விளிம்பில் மூன்று செய்திகள் போதும்: ஆழம் 0 முதல் 3 வரை, மண்மேடு நோக்கும் திசை, இப்போது பயன்படுத்தும் தரப்பு. எதிரியின் குழியைக் கைப்பற்றியவருக்கு மண்மேடு தவறான பக்கத்தில் இருக்கும். அதைத் திருப்பியமைக்க ஒரு முழுச் சுற்று ஆக வேண்டும். 1783 ஜூன் 13 அன்று கடலூருக்குத் தெற்கே பிரெஞ்சுப் படையின் மண் அரண்களில் ஒரு பகுதியை ஆங்கிலேயர் பெரும் இழப்புடன் பிடித்ததையும், அன்றிரவே பிரெஞ்சுப் படை கோட்டைக்குள் பின்வாங்கியதையும் இந்த ஒரு விதி இல்லாமல் என்னால் நம்பும்படி ஆடிக்காட்ட முடியவில்லை.

இனி மண். ஆழத்தை இரண்டுக்குக் கொண்டுவர, மணலில் 2 சுற்று, களிமண்ணில் 3, மேட்டுச் செம்மண்ணில் 4 என்று வைத்துள்ளேன். சதுப்பில் 6 சுற்று உழைத்தாலும் ஆழம் ஒன்றைத் தாண்டக் கூடாது, ஏனெனில் வெட்டிய குழியில் நீர் ஊறிவிடும். மணல் விரைவாக வெட்டப்பட்டாலும் சரிந்துவிடும் என்பதால், மிலாறுக் கட்டுகளும் (சுள்ளிகளைச் சேர்த்துக் கட்டியவை) மண் நிரப்பிய கூடைகளும் இல்லாத மணற்குழி ஐந்து சுற்றுக்கு ஒருமுறை ஒரு படி ஆழம் இழக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எல்லா மண்ணிலும் செலவு இரட்டிக்கும், சதுப்பை ஒட்டிய கட்டங்களும் சதுப்பாகும்.

கோட்டையை நோக்கிச் செல்லும் அணுகுகுழி நேராக இருக்கக் கூடாது. நேராக இருந்தால் கொத்தளத்து, அதாவது மதிலிலிருந்து வெளியே நீண்டிருக்கும் மேடையின், பீரங்கி ஒன்றே குழியின் நீளவாக்கில் சுட்டு, உள்ளிருப்போர் அனைவரையும் வீழ்த்திவிடும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளை இடையிடையே மடித்து வெட்டியதற்கும் இதுவே காரணங்களில் ஒன்று. அறுகோண வரைபடத்தில் இதைச் சோதிப்பது எளிது: அடுத்தடுத்த இரண்டு குழி இணைப்புகள் (ஓர் இணைப்பு என்பது ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும் குழித் துண்டு) ஒரே திசையில் அமைந்து, அந்தத் திசையின் நேர்க்கோட்டில் எதிரிப் பீரங்கி ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தால், அங்கே ஆழத்தின் பயன் சுழியம். ஆட்டக்காரர் தாமாகவே திசையை மாற்றி மாற்றி வெட்டத் தொடங்குவார். அவருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அண்டைத் திசைகள் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பாதை சுமார் 15 விழுக்காடு மட்டுமே நீளும்.

அணுகுகுழியின் முனையில் சிலருக்கு மட்டுமே இடமுண்டு. எனவே ஒரு முனையில் ஒரு பிரிவு மட்டுமே வெட்டலாம் என்று வரம்பிடுங்கள். எத்தனை ஆயிரம் வீரர்கள் இருந்தாலும் அந்த முனையை விரைவுபடுத்த முடியாது. மதிலுக்கு இணையாகக் குறுக்கே ஓடும் இணைகுழிக்கு இந்த வரம்பு இல்லை. அதைப் பத்துப் பிரிவுகள் ஒரே நேரத்தில் வெட்டலாம். பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் 1673இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் மூன்று இணைகுழிகளை வெட்டச் செய்தார். அவற்றின் முதன்மைப் பயன் பீரங்கிகளைவிடக் காவலர்களைத் தாங்குவதே. நொச்சிப் படை, அதாவது உள்ளிருந்து காக்கும் படை, இரவில் வெளியே பாய்ந்து குழி முனைகளைத் தூர்த்துவிட்டுத் திரும்பும். ஒவ்வொரு முனையிலிருந்தும் இரண்டு கட்டத்துக்குள் காவல் உள்ள இணைகுழி இல்லையென்றால், அத்தகைய பாய்ச்சல் ஒரே சுற்றில் மூன்று விளிம்புகளை அழிக்கட்டும். இந்த விதியைச் சேர்த்த நாளிலிருந்து, உள்ளே இருப்பவருக்கும் ஆட்டம் உயிர்பெற்றது. அதற்கு முன் அவர் சுற்றை முடிக்கும் பொத்தானை மட்டுமே அழுத்திக்கொண்டிருந்தார்.

கோட்டைக்கு மதில், அகழி, கொத்தளம் மூன்றும் விளிம்பு வகைகளே. பிளவு உண்டாக்கும் பீரங்கி மேடை மூன்று கட்டத்துக்குள் இருந்தால்தான் மதிலின் வலு குறையும். இரவில் உள்ளே ஆளிருந்தால் குறைந்ததில் ஒரு பங்கு மீளும். மதிலுக்கு வெகுதூரம் வெளியே, 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைச் சுற்றி முள்ளும் கற்றாழையுமாக ஓர் எல்லை வேலி இருந்தது. நம் பழைய காவற்காட்டின் நெருங்கிய உறவு அது. அதைத் தடையாக மட்டும் வைக்காமல், பார்வையை மறைக்கும் விளிம்பாகவும் வையுங்கள்.

உணவுக்கு ஓர் எண் போதும்: நாள்தோறும் குறையும் இருப்பு, கடல்வழி திறந்திருந்தால் கூடும் வரத்து. 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயல் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களைச் சிதைத்தது; ஆயினும் வெளியிலிருந்து உதவி வரவில்லை, அந்த மாத நடுவிலேயே பட்டினியால் நகரம் பணிந்தது. ஆகவே புயல் நிகழ்வு வழியைத் திறக்கட்டும். உணவைத் தானாகக் கொடுக்க வேண்டாம்.

கணினி எதிராளிக்குப் புதிய அறிவு எதுவும் தேவையில்லை. குறைந்த செலவுப் பாதையைத் தேடும் டெய்க்ஸ்ட்ரா முறையில், கட்டச் செலவுக்குப் பதிலாக வெட்டும் சுற்றுகளையும் நீளவாக்குச் சூட்டின் அபாயத்தையும் கூட்டிக் கொடுங்கள். ஆனால் பாதையைச் சுற்றுதோறும் மறுபடி கணக்கிட விடாதீர்கள். விட்டால், அது தொடங்கிய வேலையைக் கைவிட்டு வரைபடமெங்கும் அரைகுறைக் குழிகளை விட்டுச் செல்லும். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை, அதுவும் புதிய பாதை கணிசமாக மலிவாக இருந்தால் மட்டுமே, அது மனம் மாறலாம்.

எண்கள் சரியா என்பதை 1748ஐக் கொண்டு சோதியுங்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காத்த நகரை முற்றுகையிட்ட ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன், முதலில் அரியாங்குப்பம் கோட்டையில் நாள்களை இழந்தார். பின்னர் மதிலுக்கு 1,500 கெஜம், அதாவது ஏறக்குறைய 1,400 மீட்டர் தொலைவில், நீர் தேங்கிய நிலத்துக்கு எதிரே குழியைத் தொடங்கினார். மழை வந்த அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டார். நம் வரைபடத்தில் அது ஏழு கட்டம். வளைந்து செல்ல எட்டு இணைப்பு. நான்கு களிமண்ணிலும் நான்கு சதுப்பிலும் என்றால் 12ம் 24ம் சேர்ந்து 36 சுற்று. இந்த 1748 காட்சிக்கு நான் கொடுத்திருக்கும் மொத்தச் சுற்றுகள் 35. பாஸ்கவன் தரப்பைக் கணினியிடம் கொடுத்து அதே இடத்தில் தொடங்கச் செய்தால் அது தோற்க வேண்டும். பிறகு தொடக்க இடத்தைத் தானே தேர்ந்தெடுக்க விட்டு, மூன்று கட்டத் தொலைவில் உலர்ந்த நிலத்தில் தொடங்கி மழைக்கு முன் அகழியின் விளிம்பை அது அடைகிறதா என்று பாருங்கள். அடையவில்லையெனில் சதுப்பின் எண்ணைத் தொடாமல் களிமண்ணின் எண்ணை மட்டும் குறைத்து மீண்டும் ஓட்டுங்கள்.