கிளவுட்லயே வர்ற பேக்கப் போதுமா, வெளி டூல் வாங்கணுமா? முடிவு பண்றது எப்படி

முதல்ல ரெண்டு தரப்பு விலைப்பட்டியலையும் மூடி வெச்சுட்டு ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதுங்க. நம்ம அட்மின் லாகின் எவன் கையிலயாவது சிக்கினா அவனால டேட்டாவையும் பேக்கப்பையும் ஒரே மூச்சுல அழிச்சிட முடியுமா? ஆமான்னா உங்ககிட்ட இருக்கறது ரெண்டாவது காப்பி தானே ஒழிய பேக்கப்னு சொல்லிக்க முடியாது, வீட்டுச் சாவியையும் டூப்ளிகேட்டையும் ஒரே வளையத்துல மாட்டி வெச்ச கதைதான்.

2014 ஜூன்ல கோட் ஸ்பேசஸ்னு ஒரு கம்பெனிக்கு இதுதான் நடந்துச்சு. மத்தவங்க சோர்ஸ் கோடை வெச்சுப் பாத்துக்கறதுதான் அவங்க பிசினஸே. அவங்க அமேசான் கிளவுட்டை (ஏடபிள்யூஎஸ்) கட்டுப்படுத்தற கன்சோலுக்குள்ள ஒருத்தன் பூந்து காசு கேட்டான், இவங்க பாஸ்வேர்டை மாத்தி அவனை வெளிய தள்ளப் பாத்தாங்க, அவன் சர்வர், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட அந்த நேரத்துக் காப்பி), எஸ்3 பக்கெட் (ஃபைல் வெக்கற அமேசான் ஸ்டோரேஜ்)னு வரிசையா டெலீட் பண்ண ஆரம்பிச்சுட்டான். பேக்கப்ல பெரும்பகுதியும் அதே அக்கவுண்ட்ல இருந்ததால அதுவும் போச்சு, கம்பெனியையே இழுத்து மூடிட்டாங்க.

இதுக்காக நேட்டிவ் பேக்கப், அதாவது கிளவுட்லயே வர்றது, வேஸ்ட்னு நான் சொல்ல வரல. ஏடபிள்யூஎஸ் பேக்கப், அஷூர் பேக்கப் மாதிரி உள்ளேயே வர்றது வேகமா இருக்கும், தனியா ஏஜென்ட்னு ஒரு குட்டி சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற தலைவலி பெரும்பாலும் கிடையாது, ஸ்னாப்ஷாட் மாறின பிளாக்கை மட்டும் எடுக்கறதால செலவும் கட்டுக்குள்ள இருக்கும். உங்க பிசினஸ் மொத்தமும் ஒரே கிளவுட்ல ஓடுது, டீம் சின்னதுன்னா வெளி டூலைத் தேடிப் போறதுக்கு முன்னாடி இதையே ஒழுங்கா செட் பண்ணுங்க, அதாவது பேக்கப்புக்குன்னு தனி அக்கவுண்ட், அதுக்கு வேற ஆள் வேற எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல கேக்கற ரெண்டாவது சரிபார்ப்பு), வேற ரீஜியன் (வேற ஊர் டேட்டா சென்டர்), மேல ஒரு லாக். ஏடபிள்யூஎஸ் பேக்கப்போட வால்ட் லாக்கோ எஸ்3 ஆப்ஜெக்ட் லாக்கோ கம்ப்ளையன்ஸ் மோட்ங்கற கண்டிப்பான வகையில போட்டா குறிச்ச காலம் முடியற வரைக்கும் ரூட் யூசரே (அக்கவுண்ட்டோட முழு அதிகார லாகின்) நினைச்சாலும் அதை அழிக்க முடியாது. ஆனா பாத்துப் போடுங்க, 1 வருஷம்னு போட வேண்டிய எடத்துல கை தவறி 10 வருஷம்னு போட்டா அந்த ஸ்டோரேஜ் பில்லும் கூடவே வரும்.

டேட்டாவைப் பூட்டற என்க்ரிப்ஷன் கீயையும் மறந்துடாதீங்க. ஸ்னாப்ஷாட்டை அமேசானோட டீஃபால்ட் கீல பூட்டியிருந்தா வேற அக்கவுண்ட்டுக்கு ஷேர் பண்ண முடியாது, நீங்களே உருவாக்கின கீ வேணும், அந்தக் கீயை யாராவது டெலீட் பண்ணிட்டா பேக்கப் பத்திரமா உக்காந்திருக்கும் ஆனா திறக்காது.

மெயில், டாக்குமெண்ட்னு வந்தா விஷயமே வேற. மைக்ரோசாஃப்ட் 365ல எக்ஸ்சேஞ்ச் மெயிலை ஒருத்தர் டெலீட்டட் ஐட்டம்ஸ்ல இருந்தும் தூக்கிட்டா டீஃபால்ட்டா 14 நாள் திரும்ப எடுக்கலாம், அதை 30 நாள் வரைக்கும் நீட்டலாம், ஷேர்பாயிண்ட், ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின் 93 நாள். ஜிமெயில்ல ட்ராஷ் 30 நாள், அப்புறம் அட்மின் கையில இன்னொரு 25 நாள். வேலைய விட்டுப் போனவரோட யூசரை கூகுள்ல டெலீட் பண்ணிட்டா மீட்க 20 நாள்தான் டைம். இதெல்லாம் குப்பைத்தொட்டிக்கான கெடு, இதை பேக்கப்னு நெனச்சுட்டு இருக்கற ஆபீஸ் ஏகப்பட்டது. ஆறு மாசம் கழிச்சு ஆடிட்டர் ஒரு பழைய மெயில் கேப்பாரு, அப்பதான் தெரியும். மைக்ரோசாஃப்டே 2024ல காசு வாங்கிட்டு தர்ற 365 பேக்கப்னு ஒண்ணு விட்டாங்க, பெரிய சைட்டை மொத்தமா சீக்கிரம் திருப்பறதுக்கு அது நல்லது, ஆனா காப்பி அவங்க எல்லைக்குள்ளயே தான் கிடக்கும். அதனால மெயில், டாக்குமெண்ட் விஷயத்துல மட்டும் தேர்ட் பார்ட்டி, அதாவது வெளிக் கம்பெனி டூல், வாங்குங்கன்னு தயங்காம சொல்லுவேன்.

வெளிய ஒரு காப்பி எதுக்குன்னு கேட்டா 2024 மே மாசம் யூனிசூப்பர் கேஸைப் பாருங்க. ஆஸ்திரேலியாவுல ஆறு லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள் இருக்கற ஓய்வூதிய நிதி. கூகுள் தரப்புல செட்டப் பண்ணும்போது ஒரு பாராமீட்டரை காலியா விட்டுட்டாங்க, ஒரு வருஷம் முடிஞ்சதும் யூனிசூப்பரோட பிரைவேட் கிளவுட் தானாவே டெலீட் ஆயிடுச்சு. கூகுள்ல தனியா வெச்சிருந்த ஸ்டோரேஜும் வேற கம்பெனிகிட்ட வெச்சிருந்த பேக்கப்பும் இருந்ததாலதான் எழுந்து வந்தாங்க.

அதுக்காக தேர்ட் பார்ட்டியை சாமியாக் கும்பிட வேண்டாம். அந்த டூலுக்கு உங்க எல்லா சிஸ்டத்தையும் படிக்கற பெர்மிஷன் கொடுக்கறீங்க, அதுலயே ஓட்டை விழுந்தா நேரா உள்ள வந்துடுவாங்க, 2024ல வீம்ங்கற பேக்கப் சாஃப்ட்வேர்ல வந்த ஒரு பக்கை (கோளாறை) டேட்டாவைப் பூட்டிட்டு காசு கேக்கற ரான்சம்வேர் கும்பல்கள் யூஸ் பண்ணாங்க. இன்னொண்ணு, சில டூல் உங்க அக்கவுண்ட்லயே ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு அழகா டேஷ்போர்ட் மட்டும் காட்டும். காப்பி நெஜமா எந்த அக்கவுண்ட்ல போய் உக்காருதுன்னு டெமோவுலயே கேளுங்க, பதில் சுத்தி வளைச்சு வந்தா அங்கயே நிறுத்திக்கலாம்.

செலவு பாக்கும்போது ஸ்டோரேஜ் ரேட்டை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. டேட்டா கிளவுட்ட விட்டு வெளிய போறப்ப ஜிபிக்கு இவ்வளவுன்னு எக்ரெஸ் சார்ஜ் வரும், தினமும் வெளிய காப்பி அனுப்பினா அதுவும் தினமும் ஏறும். அமேசானோட கிளேசியர் டீப் ஆர்கைவ்ங்கற பழைய டேட்டா ஸ்டோரேஜ் மலிவுதான், ஆனா ஸ்டாண்டர்டா எடுத்தாலே 12 மணி நேரம் வரை ஆகும், அவ்வளவு நேரம் பிசினஸ் நிக்கலாமான்னு ஓனர்கிட்ட கேட்டுக்கோங்க.

எதை வாங்கறதா இருந்தாலும் காசு கட்டறதுக்கு முன்னாடி ட்ரயல்லயே ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. 2017 ஜனவரி 31 அன்னிக்கு கோட் வெக்கற தளமான கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சிட்டாரு, பேக்கப்பைத் தேடினா டம்ப் (டேட்டாபேஸை மொத்தமா ஃபைலா) எடுக்கற டூல் வெர்ஷன் பொருந்தாம சத்தமில்லாம ஃபெயில் ஆயிட்டு இருந்திருக்கு, எச்சரிக்கை மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. டெஸ்டுக்கு ஒரு டேபிள்ல நாலு ரோவை (வரிசையை) வேணும்னே அழிச்சிட்டு அதை மட்டும் திருப்பிக் கொண்டு வாங்க. ஆர்டிஎஸ் (அமேசானோட டேட்டாபேஸ் சர்வீஸ்) ஸ்னாப்ஷாட்டை ரீஸ்டோர் பண்ணா அது பழைய டேட்டாபேஸுக்குள்ள போய் உக்காராது, புது இன்ஸ்டன்ஸா வேற எண்ட்பாயிண்ட்டோட (முகவரியோட) வரும், நீங்க அதுக்குள்ள போய் அந்த நாலு ரோவை எடுத்து பழசுல போடணும், இல்லாட்டி புது முகவரிக்குப் போற மாதிரி ஆப்போட கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை மாத்தணும். ராத்திரி ரெண்டு மணிக்கு இதை யார் பண்ணுவாங்கன்னு ஒரு பேரு சொல்ல முடியலன்னா, கிளிக் பண்ணினா ஒரு ஃபைல், ஒரு ரோ வரைக்கும் எடுத்துத் தர்ற வெளி டூலுக்கு காசு கொடுக்கறது நியாயம்தான்.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வெண்டர்கிட்ட ரெண்டு விஷயத்தை எழுத்துல வாங்கிடுங்க. சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்தினா பழைய பேக்கப்பை எத்தனை நாள் வரைக்கும் படிக்க முடியும், அவங்க சாஃப்ட்வேர் இல்லாம அதைத் திறக்க முடியுமா முடியாதான்னு.