சிவப்புக் குடையும் கானாவாழையும்: மழையில் பூவைப் படமெடுக்கும்போது செய்யும் தவறுகள்

மும்பையில் மாட்டுங்கா ரோட்டில் ரயிலேறி போரிவலியில் இறங்கினால், சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நடக்கும் தூரம்தான். ஆடி, ஆவணியில் கானாவாழை, காசித்தும்பை, செங்காந்தள் என்று நம் ஊர் வேலியோரத்துப் பூக்கள் அங்கே நனைந்துகொண்டு நிற்கும். அவற்றை நெருங்கிப் படமெடுப்பதில் செய்யக்கூடிய தவறுகளில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

முதல் வருடம் என் கானாவாழைப் படங்களில் நீலம் போய்க் கத்திரிப்பூ நிறம் ஏறியிருந்தது. கேமராவைத் திட்டினேன். குற்றவாளி, பூவுக்கு மேல் பிடித்திருந்த சிவப்புக் குடை. துணி வழியாக இறங்கும் வெளிச்சம் அதன் சாயத்தையும் கூட்டிவருகிறது. அன்றிலிருந்து வெள்ளை, இல்லாவிட்டால் கறுப்பு.

மழை விடட்டும் என்று வடாபாவ் கடையில் ஒதுங்குவதும் தவறுதான். கானாவாழை காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். தூறலிலேயே போய்விடுங்கள்.

ஏசி அறையில் இரவெல்லாம் குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்கப் படியும். அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளேயும் போகும். மூடிய பையோடு அரைமணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டால் போதும்.

எல்லோரும் சறுக்கும் இடம் அபர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவு. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். பின்னணி மங்கவேண்டும் என்ற ஆசையில் எஃப் 2.8 வைப்பார்கள். பூ சட்டத்தை நிரப்பும் அளவுக்கு நெருங்கினால் அதில் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். செங்காந்தளின் ஆறு மகரந்தக் கேசரங்களில் ஒன்றின் நுனி மட்டும் தெரியும், மற்றதெல்லாம் புகை. அதற்காக எஃப் 22-க்கு ஓடினால், ஒளி சிறு துளையில் சிதறிப் படம் முழுவதும் மழுங்கும். எஃப் 8 முதல் 11 வரை வைத்து, கேமராவைக் கொஞ்சம் திருப்புங்கள்: கேசரங்கள் ஆரக்கால்கள்போல் பரவியிருக்கும் தளத்துக்கு நேராக லென்ஸ் பார்த்தால் பெரும்பாலானவை தெளிவுக்குள் வந்துவிடும். மரநிழலில் வெளிச்சம் போதாது, ஷட்டர் நெடுநேரம் திறந்திருந்தால் ஆடும் பூ கலங்கிவிடும். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றத் தயங்காதீர்கள். மணல் தூவியதுபோன்ற புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், காற்றில் ஆடிய பூவை எந்த மென்பொருளும் நிறுத்தித் தராது. செக்கச்சிவந்த இதழில் நரம்புகள் மறைந்து சாயம் அப்பியதுபோல் வந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, சற்றுக் குறையுங்கள். நனைந்த இலை கண்ணாடியாக மின்னினால் லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி உதவும்.

மறைக்கிறதே என்று பக்கத்துச் செடியைப் பிடுங்குகிறவர்களோடு நான் இரண்டாம் முறை போவதில்லை. கிளையை ஒரு நூலால் மெல்ல ஒதுக்கிக் கட்டி, முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். செங்காந்தளுக்குக் கண்வலிக்கிழங்கு என்றும் பெயருண்டு. செடி முழுவதும் நஞ்சு. தொட்ட கையைக் கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

வீடு திரும்பி ஈரப்பையை அலமாரியில் தள்ளிவிட்டால், மும்பையின் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்வார்கள், தூசிதான் ஏறும். துடைத்து உலர்த்திய பிறகு, காற்றுப்புகாத டப்பாவில் நீலநிற சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அது இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது, மாற்றுங்கள்.