பெங்களூருக்குப் பழைய காரோடு வருகிறீர்களா? முதலில் ஆர்.சி. (பதிவுச் சான்று) முடியும் தேதியைப் பாருங்கள்

வேலைக்காக வண்டியோடு பெங்களூர் வருகிறவர்களுக்கு முறையெல்லாம் எளிதுதான். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். இங்கே வந்ததும் புது நம்பர் கேட்கும் படிவம் 27, லைஃப் டாக்ஸ் (ஆயுள் வரி), வண்டியைக் காட்டுவது. அவ்வளவுதான்.

வண்டி உடலில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். பழைய வண்டியில் அந்த இடம் அழுக்கேறிக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நன்றாகத் துடைத்த பிறகுதான் எனக்கு எண்கள் எழும்பின.

எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். எங்களுடையது 2006-ல் வாங்கிய மாருதி பலேனோ ஆல்ட்டுரா, பழைய பலேனோ செடானின் ஸ்டேஷன் வேகன் வடிவம். 2021 நவம்பரோடு 15 வருட ஆர்.சி. முடிய இருந்தது. ஆகஸ்டிலேயே என்.ஓ.சி. எடுத்துவிட்டேன். "புதுப்பிக்கிறதை பெங்களூர்ல சேர்த்துப் பண்ணிக்கலாம் சார்" என்றார் ஏஜென்ட். நம்பினேன். வீடு மாற்றும் அலைச்சலில் தேதி தாண்டிவிட்டது. இங்கே கொடுத்தால், "முதலில் ஊரில் புதுப்பித்து வாருங்கள்" என்றார்கள். ஊரில் கேட்டால், "என்.ஓ.சி. கொடுத்தாச்சு, இனி இங்கே ஒன்றும் ஏற்ற முடியாது" என்றார்கள். அந்த என்.ஓ.சி.யை ரத்து செய்ய, அதை இங்கே பயன்படுத்தவில்லை என்று இங்கிருந்தே சான்று வாங்க வேண்டியிருந்தது. அதற்காகப் பேருந்தில் அலைந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. கடைசியில், ஆர்.சி. முடிந்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதால், ஓடுகிற வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றி, எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டி ஊருக்குக் கொண்டுபோனேன்.

இதற்குள் 2022 ஏப்ரல் 1 வந்துவிட்டது. அன்று முதல் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ஆனது. தாமதத்துக்கு மாதம் 500 தனி.

அதனால் சொல்கிறேன்: ஆர்.சி. முடிய ஒரு வருடத்துக்குள்தான் இருக்கிறது என்றால் என்.ஓ.சி.க்கு அவசரப்படாதீர்கள். முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே புதுப்பிக்கக் கேட்கும் படிவம் 25 கொடுக்கலாம். ஊரிலேயே புதுப்பித்து, புது ஆர்.சி. கைக்கு வந்த பிறகு என்.ஓ.சி. கேளுங்கள்.

இவ்வளவுக்கும் வண்டியை ஏன் விற்கவில்லை என்று கேட்பார்கள். பின்சீட்டை மடக்கினால் அம்மா கட்டித் தரும் அரிசி மூட்டை, தேங்காய், ஊறுகாய் ஜாடி எல்லாம் அடங்கும். வீட்டுக்கு வந்து பின்கதவைத் தூக்கியதும் ஊர் வாசனை வரும். 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஒருநாளும் வழியில் நிறுத்தியதில்லை. டைமிங் பெல்ட்டை மட்டும் நாள் கடத்தாமல் மாற்றிவிடுவேன். முன்பக்க உதிரிச் சாமான்கள் பலேனோ செடானுக்கும் இதற்கும் ஒன்றுதான், பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். பின்கதவுக் கண்ணாடியும் பின்விளக்கும் இந்த வண்டிக்கே உரியவை. எங்காவது கண்ணில் பட்டால் அன்றே வாங்கி வைத்துவிடுங்கள்.

2025 ஆகஸ்டிலிருந்து 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். அடுத்த புதுப்பிப்புக்காக அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.