குத்து விடுகிறானா, பஸ்ஸுக்குக் கை காட்டுகிறானா?

போன வருஷம் ஒரு குத்துச்சண்டை வீரனை வரைந்து, தசைக்கெல்லாம் ஷேடிங் போட்டு, பெருமையாக அக்கா மகனிடம் நீட்டினேன். "மாமா, இவரு பஸ்ஸை நிறுத்துறாரா?" என்றான். எட்டு வயசு. பையன் சொன்னது சரிதான். கை மட்டும் நீண்டிருந்தது. உடம்பு நிழற்குடையில் நிற்பதுபோல் சும்மா நின்றது.

அதைச் சரிசெய்ய எனக்கு நாலு மாதம் பிடித்தது. உங்களுக்குக் குச்சி மனிதன் போடத் தெரியும், ஆள் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை (தலையின் உயரத்தைப்போல் ஏழரை மடங்கு) என்பதும் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

சாமான் அதிகம் வேண்டாம். 2பி பென்சில், மலிவான தாள். கம்ப்யூட்டரில் வரைபவர்களுக்கு க்ரிட்டா என்ற வரையும் மென்பொருள் போதும், இலவசம். முதல் வாரம் ரப்பரைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். அழிக்க ஆரம்பித்தால் கோடு பயந்துவிடும்.

மாதிரிக்கு யூடியூபில் ஒரு குத்துச்சண்டை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை 0.25க்குக் குறைத்துப் பாருங்கள். நிறுத்திவிட்டு கீபோர்டில் முற்றுப்புள்ளியை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும், காற்புள்ளியை அழுத்தினால் பின்னால் போகும்.

1. எந்தக் கணம்?
முஷ்டி முகத்தில் படும் அந்தக் கணத்தை வரையாதீர்கள். படத்தில் அதுதான் சப்பென்று இருக்கும். ஓங்கிய கணம், அல்லது அடி விழுந்து முஷ்டி கடந்துபோன கணம், இரண்டில் ஒன்று. நிஜ வீரன் ஓங்குவதை எதிராளிக்குக் காட்டாமல் மறைப்பான். நமக்கு அந்தக் கவலை இல்லை, தாராளமாக மிகைப்படுத்தலாம்.

2. ஒரே கோடு
இடது கால் முன்னே, வலது கால் பின்னே, வலது கையால் நேர்க்குத்து. பக்கவாட்டில் நின்று பார்க்கிறோம். பின்னங்கால் குதிகாலில் தொடங்கி இடுப்பு, முதுகு, தோள் வழியாக முஷ்டி வரை ஒரே இழுப்பில் வில்போல ஒரு கோடு. இதைத்தான் லைன் ஆஃப் ஆக்‌ஷன் என்பார்கள். ஓங்கும் கணத்துக்கு வில் எதிர்ப்பக்கம் வளையும். 30 விநாடிக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

3. தீப்பெட்டி (நான் மாட்டிக்கொண்ட இடம்)
கோடு நன்றாக வந்தும் என் ஆள் மரப்பாச்சியாகவே நின்றான். காரணம் பிடிபடாமல் கைத்தசையைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். தப்பு கையில் இல்லை, இடுப்பில்.

இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து, நடுவில் ஓர் உருண்டை களிமண் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். கீழே இருப்பது இடுப்பு, மேலே இருப்பது மார்பு. படம் போட்ட பக்கம்தான் உடம்பின் முன்பக்கம். இப்போது மேல் பெட்டியைத் திருகுங்கள். ஓங்கும்போது மார்பு இடுப்பைவிடப் பின்னால் திரும்பியிருக்கும். குத்து போனபின் வலது தோள் இடுப்பையும் தாண்டி முன்னால் வந்து தாடையை ஒட்டி நிற்கும். இரண்டு பெட்டியும் ஒரே திசையைப் பார்த்தால் மறுபடி பஸ் ஸ்டாண்டுதான்.

அந்தத் தீப்பெட்டிப் பொம்மையை மேசையில் வைத்து, திருப்பித் திருப்பி இருபது முறையாவது வரைந்திருப்பேன். கைகால் ஒட்டாமல் வெறும் பெட்டிகள்தான். அதிலேயே கோபம் தெரிய ஆரம்பித்த நாளில்தான் முகம் வரையப் போனேன். 3டி பொம்மை ஆப்கள் இருக்கின்றன, ஆனால் களிமண்ணைக் கையால் திருகும்போது கிடைக்கும் புரிதல் அதில் எனக்கு வரவில்லை.

4. கால்
குத்து தரையில்தான் பிறக்கிறது. பின்னங்குதிகால் எழும்பி வெளிப்பக்கம் திரும்பும், பாரம் முன்னங்காலுக்குப் போகும். கழுத்துக்குழியிலிருந்து நேர்க்கீழே ஒரு நூல் விட்டதாக நினையுங்கள். அது முன்பாதத்தை நெருங்கியிருந்தால் ஆள் பாய்கிறான். இரண்டு காலுக்கும் நட்டநடுவில் விழுந்தால் போட்டோவுக்கு நிற்கிறான். இடது கை கன்னத்தருகே இருக்கட்டும், தொங்கவிடாதீர்கள்.

5. நம்மை நோக்கி வரும் முஷ்டி
முஷ்டியை முதலில் வரையுங்கள், முகத்தைவிடப் பெரிதாக. அதன் பின்னால் முன்கைக்கு ஒரு வட்டம், தோளுக்கு ஒரு வட்டம், ஒன்றை ஒன்று மறைக்கும்படி. கையின் நீளத்தைக் காட்ட நினைத்தால் கெட்டது.

முடித்ததும் முழு உருவத்தையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலிலேயே குத்து தெரிய வேண்டும்.

பின்சேர்க்கை: கமெண்டில் ஒருவர், சிலம்பம் வரைந்தால் கம்பு ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது என்றார். நானும் வரைந்து பார்த்தேன், அப்படித்தான் வந்தது. ஆளை வரைந்துவிட்டுக் கையில் கம்பைச் செருகுவதுதான் பிரச்சினை. கம்பை முதலில் போடுங்கள். பிடிக்கும் இரண்டு இடங்களையும் அதில் புள்ளி வைத்துக்கொண்டு, அங்கிருந்து கை, தோள், பெட்டிகள் என்று உள்ளே வாருங்கள். பொதுவாகக் கம்பு ஆளின் நெற்றி உயரம் இருக்கும் என்பதால் அளவும் தானாகக் கிடைத்துவிடும். கம்பு நேராகவே இருக்கட்டும், வளைவை முதுகுக்குக் கொடுங்கள். விரல்கள் இப்போதைக்கு வெறும் கட்டியாக இருந்தால் போதும். எனக்கே அது இன்னும் சரியாக வரவில்லை.