கிருபையைச் சொல்லப்போய் கடன் சீட்டை நீட்டாதீர்கள்

போன மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக்கூட்டம். ஊழியத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் பேசினார். "இயேசு உங்கள் கடனை அடைத்துவிட்டார்" என்று அவர் ஆரம்பித்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது வருஷத்துக்கு முன் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் ஒரு மனிதரைச் சபைப் பக்கமே வராமல் செய்தேன். கிருபையை, அதாவது தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவை, கரையோரத்தில் சொல்லப்போகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். மைக்கை அலற விடாதே, அடுத்தவர் சாமியைப் பழிக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடன் உவமை

இந்தக் கரையில் விசைப்படகு வேலைக்குப் போகிறவர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்குவது வழக்கம். பாக்கி நிற்கும்வரை வேறு படகில் ஏறுவது லேசில்லை. ஏறவேண்டுமானால் புது முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டுவார். கடன் தீர்ந்ததா? எங்கே! ஆள் கைமாறினார், அவ்வளவுதான்.

இதை யோசிக்காமல் பாம்பனில் ஒரு அண்ணனிடம் கடனை அடைத்த கதையைச் சொன்னேன். கண் கலங்கிக் கேட்டார். அடுத்த ஞாயிற்றிலிருந்து வாராவாரம் ஒரு கூடை மீன் வந்தது. காரல், நகரை, சில நாள் நண்டு. அன்பாகத் தருகிறார் என்று நானும் வாங்கிக் குழம்பு வைத்தேன். (நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, என் மேல்தான்.) ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம், அப்போது 45 நாள் படகு கரையில். அண்ணன் ஆராதனைக்கு வரவில்லை. தேடிப்போனால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

"கொடுக்க ஒண்ணுமில்லையே ஐயா. பாக்கி ஏறிக்கிட்டே இருக்குமே, எந்த மூஞ்சியோட வர?"

முதலாளி மாறிவிட்டார் என்றுதான் அத்தனை நாளும் அவர் புரிந்து வைத்திருந்தார். ஞாயிற்று மீன், தவணை.

கடனைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்றால் கொலோசெயர் 2:14-ஐ எடுங்கள். நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தை, அதாவது கடன் சீட்டை, சிலுவையில் ஆணியடித்தார் என்கிறது. சீட்டு இன்னொருவர் பெட்டிக்குப் போகவில்லை. இதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் உவமையே வேண்டாம். ரோமர் 4:4 இன்னும் நேரடி: வேலை செய்கிறவனுக்கு வருவது கூலி, அதைக் கிருபை என்று யாரும் எண்ணமாட்டார்கள். கூலிக்கும் பங்குக்கும் உழைக்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

"கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், விலை கொடுத்து வாங்கப்பட்டீர்கள் என்று பவுல் எழுதவில்லையா?" என்று வேதம் படித்தவர்கள் மடக்குவார்கள். எழுதினார், ஏற்கெனவே விசுவாசித்த கொரிந்து சபைக்கு. முதல் நாளே அதைத் தூக்கி வைக்காதீர்கள்.

'இலவசம்'

நம் ஊரில் இலவசம் என்றால் மிக்சி, கிரைண்டர், பின்னாலேயே ஓட்டு. கிருபைக்கு அந்தச் சொல் வேண்டாம். எபேசியர் 2:8-ல் உள்ள 'ஈவு', அதாவது கொடை, போதும்.

இரட்சிப்பா, மீட்பா?

கரையோரத்தில் கத்தோலிக்க வீடுகள் நிறைய. நாம் இரட்சிப்பு, கிருபை என்பதற்கு அவர்கள் காதுக்குப் பழகியது மீட்பு, அருள். அந்தச் சொற்களிலேயே பேசுங்கள். 1693-ல் அருளானந்தர் என்ற கத்தோலிக்கக் குரு ஓரியூரில் உயிர் கொடுத்த சீமை இது. சிலுவையை என்னவோ நாம்தான் கொண்டுவந்த மாதிரி பேசினால் சிரிப்பார்கள்.

காணிக்கைப் பை

முதல் நாள் எடுக்கவே கூடாது.

மீன் கொடுத்தால்?

எதற்கு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த அண்ணன் திரும்பி வர ஒரு வருஷம் ஆனது. இப்போதும் எப்போதாவது நண்டு கொண்டுவருவார். கொடுத்துவிட்டு ஓடமாட்டார், குழம்பு கொதிக்கும்வரை திண்ணையில் இருந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.