512 எம்பி ராம்ல லினக்ஸ் ஓட்டுறது எப்படி

பழைய கம்ப்யூட்டர்ல 512 எம்பி ராம் தான் இருக்கா, தூக்கிப் போட்டுடாதீங்க, லினக்ஸ் ஓடும். ஆனா எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ்ல எந்த வகை, போடலாம்னு தேடுறதுக்கு முன்னாடி இப்ப மெமரி எங்க போகுதுன்னு பாருங்க. டெர்மினல்ல ஃப்ரீ கமாண்ட் அடிச்சா ஃப்ரீங்கற காலம்ல ரொம்ப சின்ன நம்பர் தான் வரும், அதைப் பாத்து பயப்பட வேண்டாம், சும்மா கிடக்குற ராமை லினக்ஸோட மையப்பகுதியான கெர்னல் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கும், ப்ரோக்ராம் கேட்டா திருப்பிக் குடுத்துடும். அவைலபிள்னு ஒரு காலம் இருக்கே, அதான் உண்மையான கணக்கு.

க்னோம், கேடிஈ மாதிரி பெரிய டெஸ்க்டாப் எல்லாம் இதுல வேலைக்கு ஆகாது. டெபியன்ங்கற டிஸ்ட்ரோவைப் போடும்போது டெஸ்க்டாப் டிக்கை எடுத்துட்டு வெறும் சிஸ்டத்தை மட்டும் போடுங்க, அப்புறமா ஓப்பன்பாக்ஸ் இல்ல ஐஸ்டபிள்யூஎம் மாதிரி லேசான விண்டோ மேனேஜர் போட்டுக்கலாம், லாகின் மேனேஜர் கூட வேணாம், ஸ்டார்ட்எக்ஸ் அடிச்சாலே போதும். இவ்வளவு மெனக்கெட முடியாதுன்னா ஆன்டிஎக்ஸ்னு ஒரு லேசான டிஸ்ட்ரோ இருக்கு, அதைப் போடுங்க. 32 பிட் மெஷின்னா ஒண்ணு கவனிங்க, 2025ல வந்த டெபியன் 13க்கு 32 பிட் பிசி இன்ஸ்டாலர் கிடையாது. ராம் 128 எம்பி தான்னா டைனி கோர்ங்கற ரொம்ப சின்ன டிஸ்ட்ரோவைப் பாருங்க.

என்னைக் கேட்டா நிஜமாவே வித்தியாசம் தெரியுறது இசட்ராம் போட்டா தான். ஸ்வாப்னா ராம் பத்தாதப்ப டேட்டாவைத் தள்ளி வைக்கிற இடம், வழக்கமா டிஸ்க்ல இருக்கும். இசட்ராம் ராம்லயே ஒரு பகுதியை ஸ்வாப் மாதிரி வச்சு, அதுக்குள்ள போற டேட்டாவை சுருக்கி வைக்கும், பொதுவா பாதிக்கும் கீழ சுருங்கிடும், பழைய ஹார்ட் டிஸ்க்ல எழுதி திரும்பப் படிக்கிறதை விட இது எவ்வளவோ வேகம். டெபியன்ல இசட்ராம்-டூல்ஸ் பேக்கேஜ் போட்டுட்டு, இடிசி டிஃபால்ட் ஃபோல்டர்ல இருக்குற இசட்ராம்ஸ்வாப் ஃபைலைத் திறந்து, ஆல்கோ வரில எல்இசட்4னும் (சுருக்குற முறையோட பேர்) பர்சென்ட் வரில 50னும் குடுத்து, அந்த வரிகளுக்கு முன்னாடி இருக்குற ஹேஷ் (#) குறியை எடுத்துட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. இசட்எஸ்டிடிங்கற இன்னொரு முறை இன்னும் நல்லா சுருக்கும் தான், ஆனா பழைய ப்ராசஸர் திணறும். டிஸ்க்ல இருக்குற ஸ்வாப்பை அழிச்சிடாதீங்க, இசட்ராம் நிரம்பினா அது தான் கைகொடுக்கும்.

போட்டதும் விஎம்ஸ்டாட் 1னு அடிச்சு கொஞ்ச நேரம் பாருங்க. எஸ்ஐ (ஸ்வாப்ல இருந்து உள்ள வர்றது), எஸ்ஓ (ஸ்வாப்புக்கு வெளிய போறது) ரெண்டுலயும் நம்பர் ஓடினா ஸ்வாப் நடக்குது, அது மட்டும்னா பரவால்ல, இசட்ராம்ல நடக்குறதும் அதுல தான் வரும். கூடவே டிஸ்க்குக்காக ப்ராசஸர் காத்திருக்குறதைக் காட்டுற டபிள்யூஏ காலமும் ஏறிக்கிட்டே இருந்தா தான் டிஸ்க்கைப் போட்டு அரைக்குதுன்னு அர்த்தம், ஏதாவது ஒரு ப்ரோக்ராமை மூடிடுங்க.

அது பெரும்பாலும் ப்ரவுசரா தான் இருக்கும். எவ்வளவு டியூன் பண்ணாலும் இன்னைக்கு இருக்குற வெப்சைட்டுக்கு 512 எம்பி பத்தாது, ஃபயர்ஃபாக்ஸ்ல ஒரு டேப் ரெண்டு டேப்போட நிறுத்திக்கோங்க. வெறும் படிக்கிறதுக்குன்னா டில்லோங்கற ப்ரவுசர் போதும், ஜாவாஸ்க்ரிப்ட் கிடையாது, அதனால தான் அவ்வளவு லேசு. வீடியோ ஃபைலை ப்ரவுசர்ல திறக்காம எம்பிவிங்கற ப்ளேயர்ல போடுங்க. எர்லிஊம்னு ஒண்ணு இருக்கு, அதையும் போட்டு வைங்க, மெமரி தீர்ந்து மொத்தமா ஹேங் ஆகுறதுக்கு முன்னாடியே அதிகமா தின்னுற ப்ராசஸைக் கொன்னுடும், பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டிய நிலைமை வராது.