கூச்சத்தை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

கூச்சம் என்றால் 'ஷை', அவ்வளவுதானே என்று நினைத்தால் பாதிதான் சரி. தமிழில் "வெட்கமா இருக்கு" என்ற ஒன்றை வைத்துக்கொண்டே, புது ஆள் முன்னால் நெளிவது, நாலு பேர் பார்க்கக் கால் தடுக்கி விழுவது, பொய் சொல்லி மாட்டிக்கொள்வது எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல்.

முதல் படி: எந்த வெட்கம் என்று முடிவு செய்யுங்கள். பேசத் தயக்கமா, 'ஷை'. விழுந்து எழுந்து அசடு வழிகிறீர்களா, 'எம்பரஸ்ட்'. தப்பு செய்து மனசு உறுத்துகிறதா, அதுதான் 'அஷேம்ட்'. நிறைய பேர் சறுக்குவது இந்த மூன்றாவதில். பாடக் கூச்சமாக இருக்கிறது என்பதற்கு 'ஐ ஆம் அஷேம்ட் டு சிங்' என்றால், பாடுவதே ஏதோ கேவலமான காரியம் என்பதுபோலக் கேட்கும். 'ஐ ஆம் டூ ஷை டு சிங்' என்று சொல்லுங்கள். இந்த 'டூ ஷை டு' மட்டும் வாயில் படிந்துவிட்டால் போதும், பின்னால் ஆஸ்க், டான்ஸ், டாக் என்று எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: கூச்சமா, பயமா என்று பிரியுங்கள். 'டிமிட்' என்பது பயந்த சுபாவம். மான், முயலுக்குச் சொன்னால் அழகு, மனிதருக்குச் சொன்னால் தைரியம் இல்லாதவர் என்ற குத்தல் ஒட்டிக்கொள்ளும். நேர்காணலில் உங்களைப் பற்றிச் சொல்ல அது வேண்டாம். அளந்து பேசுகிறவர், மனதில் இருப்பதை எளிதில் வெளிக்காட்டாதவர் என்றால் 'ரிசர்வ்ட்', கௌரவமான சொல். 'இன்ட்ரோவர்ட்' வேறு விஷயம், அவருக்குத் தனிமை பிடிக்கும், கூச்சமே இல்லாமலும் இருக்கலாம்.

'பேஷ்ஃபுல்' முகம் சிவந்து தலை குனிகிற வெட்கம், குழந்தைகளுக்கு நன்றாகப் பொருந்தும். 'கோய்' மட்டும் கவனம்: வெட்கப்படுவதுபோலக் குழைகிற பாசாங்கு அது, பாராட்டு என்று நினைத்து யாரிடமும் சொல்லி வைக்காதீர்கள்.

அப்புறம் மரபுத்தொடர்கள். வாயடைத்து நின்றால் 'டங்-டைட்'. வாயில்லாப்பூச்சி என்கிறோமே, அதற்கு 'வுடன்ட் சே பூ டு அ கூஸ்', அதாவது வாத்தைக்கூட அதட்டாத ஆள். கூச்சம் தெளிந்து கலகலப்பானால் 'கேம் அவுட் ஆஃப் ஹர் ஷெல்', ஆணென்றால் 'ஹிஸ்'.

கடைசியாக, 'ஷை' வந்தாலே கூச்சம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஒன்ஸ் பிட்டன், ட்வைஸ் ஷை' நம் சூடு கண்ட பூனைதான். 'டூ மார்க்ஸ் ஷை ஆஃப் எ ஹண்ட்ரட்' என்றால் 98 மதிப்பெண், நூறுக்கு இரண்டு குறைவு. ஒருவரை 'வொர்க்-ஷை' என்று சொன்னால் பாவம், வேலை கேட்கக் கூச்சப்படுகிறார் போல என்று இரக்கப்பட வேண்டாம், ஆள் சுத்தச் சோம்பேறி.